அரை அந்தர்க் கற்கள் இரண்டு

கொட்டாஞ்சேனை, கொழும்பு
9-1-1938

வின்சன்றுக்கு,

சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. உனக்குச் சுகம் கூடிப்போய்த்தான் இந்தக் கூத்து நடக்கிறது என்று கேள்வி.

எங்கள் ஊர்காவற்றுறைக் கிட்டங்கியில் புகையிலை நிறுக்கிற கதிர்காமு என் தகப்பனாரிடம் சொல்லியிருக்கிறார். ஐயா எனக்கு எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டங்கிக்குள் நின்று, தராசின் ஐம்பத்தாறு இறாத்தல் இரும்புகளை, அந்த அரை அந்தர்க் கற்களை, கைக்கொன்றாக வளையத்தில் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குகிறாயாம். முன்னுக்கு யாரும் இல்லாமலே பல்லைக் கடித்துக்கொண்டு முறைக்கிறாயாம். "பெடியனுக்கு ஏதும் பிடிச்சிட்டுதோ எண்டு பாக்கவேணும்" என்று கதிர்காமு கவலைப்படுகிறார். பிடித்தது என்னவென்று எனக்குத் தெரியும். ஏதோ ஒரு பத்திரிகையில் சட்டை போடாத வெள்ளைக்காரன் ஒருவனின் படத்தைப் பார்த்திருப்பாய்.

வின்சன்ற், நீ குத்துச்சண்டைக்காரனா, நாட்டாமைக் கூலியா? ஏழு வருடமாக எங்கள் புகையிலைச் சிப்பங்களை முதுகில் சுமக்கிறாய். கிழமையில் ஆறு நாள் சுமந்தது போதாதென்று ஏழாம் நாளும் சும்மா நின்று பாரம் தூக்குகிறவனை உலகத்தில் வேறெங்கும் காண ஏலாது. எங்கள் குத்துச்சண்டைச் சங்கத்தில் பழக்குகிற வெள்ளைக்காரர் பட்டாளத்தில் இருபது வருடம் குத்துப் பழக்கியவர். பாரம் தூக்குகிறவனின் தசை இறுகிவிடும், கை பிந்தும், அவன் குத்து வந்து சேருவதற்குள் எதிராளி வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம் என்கிறார்.

நீ மறந்திருப்பாய் என்பதால் எழுதுகிறேன். ஏப்ரல் 2ஆம் திகதி தெரிவுப் போட்டி. நூற்று முப்பத்தைந்து இறாத்தல் வகுப்பில் வெல்கிறவனுக்குத் துறைமுகக் காவலில் வேலை, சீருடை, இருக்க அறை. இருபத்தாறு வயது முடிந்தவனை எடுக்க மாட்டார்கள். உனக்கு வருகிற ஆனி ஐந்தில் முடிகிறது. சங்கச் செயலாளர் என்ற முறையில் உன் பெயரை நானே எழுதினேன். பள்ளிக்கூடத்தில் ஒரே சோடிக் கையுறையை மாறி மாறிப் போட்டுப் பழகிய பாவத்துக்காகச் செய்தது அது. என்னை வெட்கப்படுத்தாதே.

கற்கள் தேயாது என்று ஐயா பேசாமல் விட்டிருக்கிறார். ஆனால் ஒரு கல்லும் கிட்டங்கி வாசலைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார்.

ஐயாத்துரை

*

ஊர்காவற்றுறை
21-1-1938

கனம் செயலாளர் ஐயாத்துரை அவர்களுக்கு,

கொழும்புக்குப் போய் ஐந்து வருடத்தில் உமது கையெழுத்துத் திருந்தியிருக்கிறது. மற்றதெல்லாம் போனபடியே இருக்கிறது.

ஒரே சோடிக் கையுறையை மாறி மாறிப் போட்டதை நினைவுபடுத்தினீர். அந்தக் கையுறையால் நான் உம்மை மூன்று முறை விழுத்தியதையும் எழுதியிருக்கலாம். கடதாசி பற்றாமல் போயிருக்கும்.

சிப்பம் சுமப்பதும் கல் தூக்குவதும் ஒன்றென்று நினைக்கிறீர். சிப்பம் ஒன்றைத் தன்னும் தூக்காமல் கிட்டங்கியில் வளர்ந்த பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். சிப்பம் மேலிருந்து அமத்துகிறது. முதுகும் காலும்தான் அதைத் தாங்குகின்றன. தோளுக்கு அதில் வேலை இல்லை, அது குறுகிக்கொண்டு கிடக்கிறது. எனக்குத் தேவை தள்ளுகிற பலம். எதிராளி மேலே சாய்ந்து கட்டிப்பிடிக்கிறபோது அவனைத் தள்ளி எடுக்க வேண்டும். அதற்குத்தான் கல்.

உமது வெள்ளைக்காரர் சொன்னதில் பாதி சரி என்பதையும் மறைக்கவில்லை. முதல் மூன்று கிழமை நான் மடையன் வேலை பார்த்தேன். முதலில் கல், பிறகு குத்து. மண்டைதீவில் மீன்வாடி வைத்திருக்கிற என் மச்சான் பஸ்ரியாம்பிள்ளை பழக வருகிறவர். கல்லைத் தூக்கி வைத்துவிட்டு அவரோடு நின்றால், என் கை என் சொல்லைக் கேட்கவில்லை. அவர் என் மூக்கில் மூன்று தரம் தட்டிவிட்டுக் கேட்டார்: "என்ன மச்சான், கையை ஆரிட்டையும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தனீரோ?"

இப்போது மாற்றிவிட்டேன். காலையில் கயிறு பாய்ந்து, தும்பு அடைத்த சாக்கில் குத்து. கல் பின்னேரம்தான், அதுவும் கிழமையில் இரண்டு நாள். கல் தூக்கின மறுநாள் சாக்கைத் தொடுவதில்லை, கால் வேலை மட்டும். தூக்குவதையும் ஆறுதலாகத் தூக்காமல், சட்டென்று தள்ளி மெதுவாக இறக்குகிறேன். கை பிந்துவது நின்றுவிட்டது. பஸ்ரியாம்பிள்ளை இப்போது மூக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கைக்கு ஒரு அரை அந்தர், இரண்டும் சேர்ந்து நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல். அதை இரண்டு முறைக்கு மேல் தூக்க ஏலாமல் கிடக்கிறது. மூன்றாம் முறை காதடியில் நின்றுவிடுகிறது. நீர் சிரிப்பீர் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

என் மனிசி அன்னப்பிள்ளைக்கு இது நாலாம் மாதம். பிள்ளை பிறக்கிறபோது தகப்பன் சிப்பம் சுமக்கிறவனாக இருக்கக் கூடாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் எண்ணம். அதனால் வருவேன்.

வின்சன்ற்

*

கொட்டாஞ்சேனை
12-2-1938

வின்சன்றுக்கு,

சிரித்தேன். சங்கத்தில் வாசித்துக் காட்டினேன், அவர்களும் சிரித்தார்கள்.

இங்கே நடராசா என்றொரு கிளாக்கர் இருக்கிறார். மூக்குக்கண்ணாடி, மூலவியாதி, நாள் முழுவதும் கதிரையில் இருப்பு. சங்கத்துக் கற்கள் இரண்டையும், அதே நூற்றுப் பன்னிரண்டு இறாத்தலை, அவர் நான்கு முறை தூக்குகிறார். தூக்கிவிட்டு ஓவல்ரின் குடிக்கிறார். ஏழு வருடம் சிப்பம் சுமந்த நீ இரண்டோடு நிற்கிறாய். எந்த நாள் கல், எந்த நாள் சாக்கு என்று நீ சாத்திரம் எழுதுகிறாய். உடம்பில் ஒன்றும் இல்லாதவனுக்கு அட்டவணை எதற்கு?

பலம்தான் இல்லை, பாரத்தையாவது சரியாகப் பார். நூற்று முப்பத்தைந்துக்கு மேல் அரை இறாத்தல் கூடினாலும் மேடையில் ஏற விடமாட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் கிட்டங்கித் தராசிலேயே ஏறி நின்று நிறுக்க வேண்டும். கதிர்காமுவுக்கும் எழுதியிருக்கிறேன். உன் மச்சானின் மீன்வாடித் தராசில் நிறுத்துவிட்டு எனக்குக் கணக்கு எழுதி அனுப்பாதே. மீன் விற்கிறவனின் கை எப்போதும் தட்டிலேதான் கிடக்கும். எங்கள் தராசு மூன்று தலைமுறையாகத் தீவுப்பகுதி முழுவதுக்கும் நிறுக்கிறது. அது சொன்னால் சொன்னதுதான்.

ஐயாத்துரை

*

ஊர்காவற்றுறை
13-3-1938

ஐயாத்துரைக்கு,

உமது கட்டளைப்படி ஞாயிறு தவறாமல் உங்கள் தராசில் ஏறுகிறேன். ஒரு தட்டில் நான் குந்தியிருக்க, மற்றத் தட்டில் கதிர்காமு இரண்டு அரை அந்தர்க் கற்களையும் வைத்து, மிச்சத்துக்குச் சின்னக் கற்களை வைக்கிறார். புகையிலை பார்க்கிற பழக்கத்தில் என்னையும் ஒருதரம் மோந்து பார்த்தார். இன்று நூற்று முப்பத்துநான்கு. போன கிழமையும் அதுதான்.

மெலிந்தேனா என்றால் இல்லை. சட்டை தோளில் இறுகுகிறது. "இவ்வளவு ஊதிப்போய் அதே பாரமே? ஆச்சரியமாக் கிடக்கு" என்று அன்னப்பிள்ளை சொன்னாள். உங்கள் தராசைச் சந்தேகிக்க நீ ஆர் என்று அவளை அடக்கினேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தி இரண்டு மாதம். இனிக் குறைக்கத் தேவையில்லை என்று அவளுக்கும் நிம்மதி.

உமது கிளாக்கர் நடராசாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும். நான் இன்னும் இரண்டு முறைதான். மூன்றாவது காது தாண்டி நெற்றி வரைக்கும் வந்து நிற்கிறது. இது என்ன சாபம் என்று விளங்கவில்லை. ஆனால் குத்து மாறிவிட்டது. போன ஞாயிறு பஸ்ரியாம்பிள்ளை கட்டிப்பிடித்தபோது தள்ளினேன். மனிசன் மூன்று முழம் போய்க் கருவாட்டுக் கடகப் பெட்டியில் குந்திவிட்டார். இடது கையில் முகம், வலது கையில் விலா. அவர் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள் இரண்டும் போய்ச் சேருகின்றன. பாரம் தூக்கினால் கை பிந்தும் என்ற உமது வெள்ளைக்காரரை இஞ்சை அனுப்பும், கடகம் இன்னும் இருக்கிறது.

இருபதாம் திகதியோடு கல்லை நிறுத்துகிறேன். கடைசிப் பத்து நாளும் கயிறும் நிழலோடு குத்தும் மட்டும். 31ஆம் திகதி இரவு றெயினில் ஏறுவேன். நிலையத்துக்கு நீர் வரத் தேவையில்லை. வந்தால் உமது சப்பாத்து அழுக்காகும்.

வின்சன்ற்

*

கொட்டாஞ்சேனை
4-4-1938

வின்சன்றுக்கு,

ஒரு சொல்லும் பேசாமல் சனிக்கிழமை இரவே றெயின் ஏறிவிட்டாய். நல்லது. பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

நூற்று நாற்பத்திரண்டு! ஏழு இறாத்தல் கூட! சங்கத் தலைவர் இரண்டு தரம் ஏற்றி இறக்கினார். மூன்றாம் தரம் வெள்ளைக்காரர் முள்ளைத் தட்டிப் பார்த்தார். நீ காற்சட்டையையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, கோமணத்தோடு அந்தத் தட்டில் நின்று விழித்துக்கொண்டிருந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பின்னால் நின்ற காலி ஊர்ப் போட்டிக்காரன் விசிலடித்தான்.

கிட்டங்கியில் நூற்று முப்பத்துநான்கு என்று எழுதியவன், ஒரு இரவு றெயினில் எட்டு இறாத்தலை எப்படித் தின்றாய்? மாகோ நிலையத்தில் வடை வாங்கினாயா, வடைக்காரனையே வாங்கினாயா? இல்லாவிட்டால் கதிர்காமுவுக்குக் கள்ளு ஊற்றிக் கணக்கு மாற்றினாயா? "பெருவிரல் நிலத்திலை படக் குந்தியிருந்திருப்பான்" என்று ஐயா எழுதியிருக்கிறார். மூன்று தலைமுறையாகப் பேர் பெற்ற தராசில் கள்ளம் செய்த முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

பாரம் தூக்காதே என்று சொன்னேன். தூக்கினாய், ஊதினாய், ஊதினதை மறைத்தாய். அந்த வேலை இப்போது விசிலடித்தவனுக்கு. இனி உனக்கு என் பெயரைச் சொல்லிக்கொண்டு வர உரிமை இல்லை. சிப்பம் சுமக்கப் பிறந்தவன் சிப்பத்தையே சும. கற்களை மட்டும் தொடாதே.

ஐயாத்துரை

*

ஊர்காவற்றுறை
23-4-1938

ஐயாத்துரைக்கு,

பதினெட்டு நாளாகப் பதில் எழுதாதது வெட்கத்தால்தான். வெட்கப்படவேண்டியவர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

உமக்குத் தெரியாத ஒன்று. அன்று என்னைத் தள்ளிவிட்ட பிறகு, நீங்கள் எல்லோரும் போட்டி பார்க்கப் போய்விட்டீர்கள். நான் உடுப்பு மாற்றுகிற அறையில் தனிய நின்றேன். மூலையில் உங்கள் சங்கத்துக் கற்கள் இரண்டு கிடந்தன. கோபத்தில் எடுத்துத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் ஏழாவதில் நானாகத்தான் நிறுத்தினேன். கோபத்தில் பலம் கூடிவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டில் வந்து சொல்ல, அன்னப்பிள்ளை அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "கொழும்பிலை இரும்பு இலேசோ, இல்லாட்டி இஞ்சை பாரமோ? கல்லைத் தூக்கத் தெரிஞ்ச உங்களுக்கு அதை ஒருக்கா நிறுத்துப் பாக்கத் தெரியேல்லையே?"

பெரிய வெள்ளிக்குக் கிட்டங்கி பூட்டு. உமது ஐயாவின் கட்டளையை மீறி ஒரு கல்லைச் சாக்கில் போட்டு, வள்ளத்தில் ஏற்றி மண்டைதீவுக்குக் கொண்டுபோனேன். நீர் தொடக் கூடாதென்ற அதே மீன் தராசு. ஒரு தட்டில் பஸ்ரியாம்பிள்ளையின் அரசாங்க முத்திரை குத்தின அரை அந்தர், மற்றதில் உங்களது. உங்களது தொப்பென்று கீழே போனது. பஸ்ரியாம்பிள்ளை தன் தட்டில் ஒரு இறாத்தல் கற்களை ஒவ்வொன்றாக வைத்தார். நாலாவதில் சமமாக நின்றது.

கல்லைப் புரட்டினேன். அடியில் தார். கத்தியால் சுரண்டினேன். தாருக்குள் முட்டைத் தடிப்பில் ஈயம்.

இரண்டு கல்லிலும் நாலு நாலு, எட்டு இறாத்தல். இந்தக் கற்களால் என்னை நிறுத்தால் நூற்று நாற்பத்திரண்டு நூற்று முப்பத்துநான்காகும். இந்தக் கற்களைத் தூக்கினால் நூற்றிருபதைத் தூக்கிக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு என்று எழுத வேண்டிவரும். மூக்குக்கண்ணாடிக் கிளாக்கரோடு என்னை ஒப்பிட்டுச் சிரித்தீரே, அந்தச் சிரிப்பும் உங்கள் கிட்டங்கியில் வார்த்ததுதான்.

கமக்காரரின் புகையிலையைக் குறைத்து வாங்கத்தான் அந்த ஈயம் என்று விளங்க எனக்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை. ஏழு வருடமாக அந்தக் கற்களைத் தட்டில் தூக்கி வைத்த கை என்னுடைய கை. அதை நினைக்க எனக்கே என்னில் அருவருப்பு. வருகிற வியாழன் கொள்முதல் நாள். உமது ஊர்ச் சரவணையின் கமக்காரர் எல்லோரும் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் கல்லைப் புரட்டிக் காட்டப்போகிறேன். உமது ஐயா வைத்திலிங்கத்தார் என்ன செய்வாரோ செய்யட்டும். என்னிடம் பறிக்க இனி அவருக்கு என்ன இருக்கிறது?

வின்சன்ற்

*

கொட்டாஞ்சேனை
27-4-1938

அன்புள்ள வின்சன்ற்,

உமது கடிதம் நேற்றுக் கிடைத்தது. இரவு முழுவதும் நித்திரை இல்லை. இதை விடியத் தபாலில் சேர்க்கிறேன். வியாழனுக்குள் உமது கையில் வந்துசேர வேண்டும் என்று நேர்த்தி வைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதலாம், நீர் நம்பமாட்டீர். பன்னிரண்டு வயதில் ஒரு நாள், கொல்லன் வந்து கற்களின் அடியில் புது ஈயம் உருக்கி ஊற்றியதைக் கதவிடுக்கால் பார்த்தேன். "உது பெரிய ஆக்களின்ரை அலுவல்" என்று ஐயா சொன்னார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். உம்மை அந்தத் தராசில் ஏறச் சொல்லி எழுதியபோது அது ஒரு கணமும் என் நினைவுக்கு வரவில்லை. அந்தத் தராசில் புகையிலை ஏறும், அது குறையும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மனிசன் ஏறினால் அவனும் குறைவான் என்று நான் யோசிக்கவில்லை. நான் எழுதிய எல்லாவற்றுக்கும் வெட்கப்படுகிறேன்.

ஒரு வழி இருக்கிறது. நூற்று நாற்பத்தேழு இறாத்தல் வகுப்பில் தெரிவான பெடியனுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த இடத்துக்கு மே 28இல் மறு தெரிவு. வேலையும் உண்டு. உமக்கு அன்றைக்கு இன்னும் இருபத்தாறு முடியவில்லை. பெயரை இன்றே எழுதிவிட்டேன்.

கைமாறாக ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்லைப் பழைய இடத்தில் வைத்துவிடும். யாரிடமும் வாய் திறக்கவேண்டாம். என் தங்கை இராசமணிக்கு ஆவணியில் கலியாணம். இது வெளியில் வந்தால் எங்கள் குடும்பம் தலை நிமிர ஏலாது. உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஐயாத்துரை

*

துறைமுகக் காவலர் விடுதி, கொழும்பு
31-5-1938

ஐயாத்துரைக்கு,

போட்டிக்கு முதல் நாளே நீர் ஊருக்குப் போய்விட்டதாகச் சங்கத்தில் சொன்னார்கள். என் முகத்தில் விழிக்க விருப்பமில்லையாக்கும். அதனால் இதைச் சரவணையில் உமது வீட்டுக்கு எழுதுகிறேன்.

நூற்று நாற்பத்துமூன்று நின்றது. முள்ளை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. எதிராளி என்னிலும் ஒரு சாண் உயரம். முதல் சுற்று முழுவதும் கட்டிப்பிடித்தான். இரண்டாம் சுற்றிலும் பிடித்தான், தள்ளினேன், கயிற்றில் போய் இருந்தான். மூன்றாம் சுற்றில் இடது முகம், வலது விலா. உமது வெள்ளைக்காரர் பத்து வரைக்கும் எண்ணிவிட்டு என்னிடம் வந்து, எத்தனை வருடப் பயிற்சி என்று கேட்டார். கிழமைக்கு இரண்டு நாள் கல் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. நேற்றுச் சீருடை தந்தார்கள். தோளில் மட்டும் இறுக்கம்.

நீர் வாக்கைக் காப்பாற்றினீர். நீர் வாங்கின மௌனத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியது என் கடமை. உமது கடிதம் என் கைக்கு வந்தது சனிக்கிழமை. கல்லை நான் புரட்டிக் காட்டியது அதற்கு இரண்டு நாள் முந்தி, வியாழன்.

முப்பது பேர் நின்றார்கள். கதிர்காமு ஓடி ஒளித்துவிட்டார். நான் கல்லைப் புரட்டி ஈயத்தைக் காட்டி, பிரசங்கமே வைத்தேன். எல்லோரும் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டார்கள். கடைசியாகக் கமக்காரரில் மூத்த கந்தையா அம்மான் முன்னுக்கு வந்து, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "தம்பி, உது எங்களுக்கு அப்பு காலத்திலை இருந்து தெரியும். அதுக்காண்டித்தானே நாங்கள் விடியப்புறம் தண்ணி தெளிச்சுச் சிப்பம் கட்டுறனாங்கள். கல்லு சரி வந்தால் உன்ரை முதலாளி ஈரம் பாக்க வெளிக்கிட்டிடுவார். போ ராசா, தாரைப் பூசி இருந்த இடத்திலை வை."

நானே தார் பூசி, நானே தூக்கி வைத்தேன். அன்றைக்கும் நிறுவை நடந்தது.

ஆகையால் இராசமணியின் கலியாணத்துக்கு ஒரு பயமும் வேண்டாம். நீர் என்னிடம் கும்பிட்டுக் கேட்ட மௌனத்தை ஊர் முழுவதும் உங்களுக்குச் சும்மா தந்துகொண்டிருக்கிறது. உமது ஐயா களவெடுக்கிறார், அவர்கள் தண்ணீர் விற்கிறார்கள், இரண்டு பகுதியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு மரியாதையாக வாழ்கிறீர்கள். நான்தான் பெரிய மடையன். ஏழு வருடம் அந்தச் சிப்பங்களின் ஈரம் என் முதுகில் ஊறியது. வியர்வை என்று நினைத்தேன்.

மூன்று தலைமுறையாக அந்தத் தராசில் தண்ணீர் தெளிக்காமல் ஏறினவன் நான் ஒருவன்தான், ஐயாத்துரை.

வின்சன்ற்